விமான சிமுலேட்டருக்கு எவ்வளவு ரேம் போதும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, அதன் 2024 பதிப்பு, எக்ஸ்-ப்ளேன் 12 ஆகிய மூன்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. டிசிஎஸ் என்ற போர்விமான சிமுலேட்டர், மைக்ரோசாஃப்டின் பழைய எஃப்எஸ்எக்ஸ் ஆகியவை பற்றியும் கொஞ்சம் உண்டு. ரேம் என்று சொல்லும் இடமெல்லாம் மதர்போர்டில் மாட்டும் நினைவகத்தையே குறிக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் நினைவகத்தை விரேம் என்று தனியாகச் சொல்கிறோம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேவையில்லாத பொருளுக்குக் காசு கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எத்தனை ஜிபி வேண்டும்?

32 ஜிபி. பெரிய ஜெட் விமானம், நெரிசலான விமான நிலையம், பக்கத்தில் ஒரு பிரவுசர், டிஸ்கார்ட் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு இது போதும். 16 ஜிபியில் பறக்க முடியும், ஆனால் எதை ஓடவிடுவது, எதை மூடுவது என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். 64 ஜிபி தேவைப்படுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சிலரே. 8 ஜிபியில் புதிய சிமுலேட்டர் எதையும் தொடங்க வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு என்ன? அதை நம்பலாமா?

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16 ஜிபி, மிகச் சிறப்பாக ஓட 32 ஜிபி என்று அறிவித்தார்கள். 2024 நவம்பரில் வந்த பதிப்பில் இந்த மூன்று எண்களும் அப்படியே இரட்டிப்பாகி 16, 32, 64 ஆயின. எக்ஸ்-ப்ளேன் 12-க்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16 முதல் 24 ஜிபி.

குறைந்தபட்சம் என்ற எண்ணுக்கு நிரல் திறக்கும், ஏதாவது ஒரு விமானம் பறக்கும் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அது சிமுலேட்டரோடு வரும் விமானத்தையும் குறைந்த செட்டிங்கையும் வைத்துச் சொல்லப்படுவது. நீங்கள் தனியாக வாங்கிப் போடும் ஏர்பஸ், தனியாக வாங்கும் விமான நிலையம், டிராஃபிக் ஆட்-ஆன் (சுற்றிலும் மற்ற விமானங்களைக் காட்டும் கூடுதல் நிரல்) எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பரிந்துரை என்று போட்டிருப்பதையே உங்கள் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உலகம் முழுவதும் இணையத்தில் இருந்துதானே வருகிறது? பிறகு ரேமில் என்ன நிரம்புகிறது?

பிங் வரைபடங்களின் படங்களும் உயரத் தரவுகளும் மைக்ரோசாஃப்டின் சர்வர்களில் பெட்டாபைட் கணக்கில் கிடக்கின்றன. விமானத்தைச் சுற்றியுள்ள பகுதி மட்டுமே உங்கள் கணினிக்கு வருகிறது. ஆனால் வருவது சுருக்கப்பட்ட கோப்பாக வருகிறது. அதை விரித்து, மலைமேடுகளாகவும் கட்டிடங்களாகவும் மரங்களாகவும் மாற்றி, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பும்வரை வைத்திருக்கும் இடம் ரேம்தான்.

எவ்வளவு தூரம்வரை துல்லியமாகக் காட்டுவது என்பதை டெரெயின் லெவல் ஆஃப் டீட்டெய்ல் என்ற அளவு தீர்மானிக்கிறது. அதைக் கூட்டினால் துல்லியமாகத் தெரியும் வட்டத்தின் ஆரம் கூடும். ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. தூரம் போகப் போகத் துல்லியம் குறைவதால் நினைவகம் அப்படியே நான்கு மடங்காகாது, ஆனால் 100-ஐ 200 ஆக்கியதும் சில ஜிபி கூடுவதற்குக் காரணம் இதுதான். லண்டன், நியூயார்க் போல வான்படங்களில் இருந்து முப்பரிமாணமாகச் செய்த நகரங்களில் சுமை இன்னும் அதிகம். அங்கே ஒவ்வொரு கட்டிடமும் தனி வடிவம், தனிப் படம். ஒரே மாதிரியைப் பல இடங்களில் வைத்து மிச்சம் பிடிக்க முடியாது.

அடுத்தது விமானம். காக்பிட்டின் மேற்பரப்புப் படம் ஒன்று 4096-க்கு 4096 புள்ளி என்று வையுங்கள். சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. கிராபிக்ஸ் கார்டுகள் புரிந்துகொள்ளும் பிசி7 முறையில் சுருக்கினால் 16 எம்பி. தூரத்தில் இருந்து பார்ப்பதற்கான சிறிய பிரதிகளும் சேர்ந்தால் ஏறக்குறைய 21 எம்பி. இப்படி 40 படங்கள் இருந்தால் ஒரு விமானத்துக்கே 850 எம்பி ஆகிவிடும். படங்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது விரேமில். விமானத்தின் கணினி அமைப்புகள், வழிசெலுத்தும் தரவுத்தளம், திரைகளை வரையும் நிரல் ஆகியவை ரேமில் தங்குகின்றன. ஃபெனிக்ஸ் ஏ320 போன்ற சில விமானங்கள் தங்கள் அமைப்புகளைச் சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாகவே ஓட்டுகின்றன. எனவே டாஸ்க் மேனேஜரில் சிமுலேட்டருக்கான வரிசையை மட்டும் பார்த்து மொத்தக் கணக்கை முடித்துவிடக் கூடாது.

என்னிடம் 16 ஜிபிதான் இருக்கிறது. பறக்கவே முடியாதா?

முடியும். சிறிய விமானங்களில் கிராமப்புறத்தின் மேல் பறப்பவர்களுக்கு 16 ஜிபி பெரும்பாலும் தொல்லை தராது. விமான நிலையம் பெரிதாகும்போதும் விமானம் சிக்கலாகும்போதும்தான் முட்டுக்கட்டை வரும். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்து பாருங்கள், முதலில் இருப்பவைதான் அதிக இடத்தை விடுவிக்கும்.

பிரவுசரை மூடுங்கள். பத்துப் பதினைந்து டேப் திறந்திருந்தால் 1 முதல் 3 ஜிபி அங்கே போய்விடும். வரைபடம், விமானத் திட்டம் போன்றவற்றைக் கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ திறந்துகொள்ளலாம். அடுத்து, டெரெயின் அளவை 100-க்கு மேல் வைக்காதீர்கள். பெரிய நகரங்களில் இறங்கும் நாட்களில் டேட்டா பகுதியில் உள்ள ஃபோட்டோகிராமெட்ரியை (வான்படங்களில் இருந்து செய்த முப்பரிமாண நகரங்களை) அணைத்துவிடுங்கள், கட்டிடங்கள் பொதுவான வடிவத்தில் வரும். ஆஃப் ஸ்கிரீன் டெரெயின் ப்ரீ-கேஷிங் என்பதைக் குறைத்தால் முதுகுக்குப் பின்னால் உள்ள நிலப்பரப்பை அது நினைவில் வைத்திருக்காது. கேமராவைத் திருப்பும்போது ஓரிரு நொடி மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். டிராஃபிக் ஆட்-ஆனில் விமானங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஒவ்வொரு விமான நிறுவனத்தின் வண்ணமும் தனிப் படம் என்பதால் நெரிசலான நிலையத்தில் அதன் சுமை கணிசமானது.

ஆட்-ஆன்களைப் போட்டு வைக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரில் பத்து விமான நிலையங்கள் கிடந்தாலும் பறக்கும் இடத்தில் இல்லாதவை ரேமை அதிகம் தின்பதில்லை. தொடங்கும் நேரத்தைத்தான் அவை நீட்டிக்கும்.

பிரச்சினை ரேம்தான் என்று எப்படி உறுதி செய்வது?

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். சிமுலேட்டர் திக்குவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

ரேம் போதாதபோது பல நொடிகளுக்கு எல்லாம் உறையும், எஸ்எஸ்டியின் பயன்பாடு அப்போது 100 சதவீதத்தைத் தொடும், பின் தானாக விடுபடும். பெரும்பாலும் இறங்கப் போகும் நிலையத்தை நெருங்கும்போது, புதிய பகுதி ஏற்றப்படும் நேரத்தில் இது நடக்கும். முற்றினால் எந்தச் செய்தியும் இல்லாமல் சிமுலேட்டர் மூடி டெஸ்க்டாப் வந்து நிற்கும்.

விரேம் நிரம்பினால் எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) 40-இல் இருந்து திடீரென 8, 10 என்று விழும். விழுந்தது விழுந்தபடியே கிடக்கும், செட்டிங்கைக் குறைத்தாலோ மறுபடி தொடங்கினாலோதான் மீளும். காக்பிட் எழுத்துகள் மங்குவதும் இதன் அடையாளம்.

பிராசசர் திணறினால் உறைதல் இருக்காது. எஃப்பிஎஸ் தொடர்ந்து தாழ்வாக இருக்கும், அதுவும் தரையில் மோசம், 30,000 அடியில் நலம். இணையம் மெதுவானால் எஃப்பிஎஸ் குறையாது, கட்டிடங்கள்தான் உருகி வழிந்தது போல் தெரியும்.

அளந்து பார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். பிறகு டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய், தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து கமிட் சைஸ், பீக் வொர்க்கிங் செட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகப் பறக்கும் மிகக் கனமான விமானத்தில், மிகக் கனமான நிலையத்துக்கு ஒரு முழுப் பயணம் போய் வாருங்கள். சிமுலேட்டரை மூடுவதற்கு முன் அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிரைவில் இருந்து எடுத்துவரும் எண்ணிக்கை) என்ற கோடு உறையும் நொடிகளில் செங்குத்தாக ஏறினால் ரேம்தான் குற்றவாளி. கோடு அமைதியாக இருந்தால் வேறு இடத்தில் தேடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கினால் எஃப்பிஎஸ் பெட்டி ஒன்று கிடைக்கும். அதில் லிமிடெட் பை மெயின் த்ரெட் என்று வந்தால் பிராசசர், ஜிபியு என்று வந்தால் கிராபிக்ஸ் கார்டு.

32 ஜிபியில் 24 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணத்தில்தான் விண்டோஸ் எழுதப்பட்டிருக்கிறது. கேஷ்டு என்று காட்டுவதை யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டிய எண் அவைலபிள். பயணத்தின் மிகக் கனமான கட்டத்திலும் அது 3 அல்லது 4 ஜிபிக்குக் கீழே போகாவிட்டால் உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். 64 ஜிபி உள்ள கணினியில் சிமுலேட்டர் அதிகமாக எடுத்துக்கொள்வதைப் பார்த்து, 32 இருப்பவர்களுக்குப் போதாது என்று முடிவுகட்டக் கூடாது. இடம் இருந்தால் அதிகம் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பழையதைக் கழித்துவிடும்.

கமிட்டட் என்று 26/28 போல இரண்டு எண்கள் இருக்கின்றனவே, அவை என்ன?

இடது பக்கம் நிரல்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கும் நினைவகம். வலது பக்கம் விண்டோஸ் தருவதாக உறுதி கொடுக்கக்கூடிய மொத்தம், அதாவது ரேமும், ரேமுக்குத் துணையாக டிரைவில் ஒதுக்கப்படும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. இடது எண் வலது எண்ணைத் தொட்டால் அடுத்து நினைவகம் கேட்கும் நிரலுக்கு இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். அந்த நிரல் பெரும்பாலும் சிமுலேட்டராகவே இருக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். 16 ஜிபி ரேம், 8 ஜிபி பேஜ் ஃபைல், எல்லை 24. சிமுலேட்டர் 17 கேட்கிறது, விண்டோஸும் பின்னணி நிரல்களும் 5, பிரவுசர் 3. மொத்தம் 25. ரேமில் கொஞ்சம் இடம் மிச்சம் காட்டினாலும் சிமுலேட்டர் விழும். இதுதான் நடந்தது என்பதற்குச் சான்று ஈவென்ட் வியூவரில் இருக்கும். விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் 2004 என்ற எண்ணோடு ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் பதிவைத் தேடுங்கள். எந்த நிரல் எவ்வளவு வைத்திருந்தது என்பதையும் அதுவே சொல்லும்.

அப்படியானால் பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்கிறார்களே?

தயவுசெய்து அணைக்காதீர்கள். இந்த அறிவுரை சுற்றிச் சுற்றி வந்து பலருடைய சிமுலேட்டரைக் கெடுத்திருக்கிறது. ரேம் மிச்சம் இருக்கும்போது பேஜ் ஃபைலால் வேகம் குறைவதில்லை. அதை அணைத்தால் எல்லை சுருங்குகிறது, நிரல்கள் கேட்டு வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருக்கும் இடத்துக்கும் நிஜ ரேமைக் காட்ட வேண்டியதாகிறது.

ஸ்டார்ட்டில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடித் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரி என்று போங்கள். தானாக நிர்வகிக்க விடும் முதல் பெட்டியில் டிக் இருக்கட்டும். தானாக நிர்வகிக்கும்போது ரேமின் மூன்று மடங்குவரை வளரலாம், ஆனால் அந்த டிரைவின் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 120 ஜிபி எஸ்எஸ்டியில் சி டிரைவ் இருந்தால் 15 ஜிபியோடு நின்றுவிடும். டிரைவ் ஏற்கெனவே நிரம்பி வழிந்தால் அதுவும் கிடைக்காது. எனவே சி டிரைவில் 30 முதல் 40 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். இடமே இல்லாவிட்டால் வேறொரு எஸ்எஸ்டியில் தொடக்க அளவு 16384 எம்பி, உச்ச அளவு 32768 எம்பி என்று கையால் கொடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கில் மட்டும் வைக்க வேண்டாம்.

என் கார்டில் 8 ஜிபி விரேம். ரேமைக் கூட்டினால் அது ஈடாகுமா?

ஈடாகாது. விரேம் நிரம்பினால் மிச்சத்தை ரேமில் வைக்க விண்டோஸ் அனுமதிக்கும். டாஸ்க் மேனேஜரில் ஷேர்டு ஜிபியு மெமரி என்று ரேமின் பாதி அளவு காட்டுவது அதைத்தான். 32 ஜிபி ரேம் உள்ள கணினியில் அதைப் பார்த்துவிட்டு, 8-உம் 16-உம் சேர்ந்து நம் கார்டில் 24 ஜிபி இருக்கிறது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன் சொந்த 8 ஜிபியை நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் படிக்கும். மதர்போர்டு வழியாக ரேமுக்குப் போய்வர அதற்குக் கிடைப்பது நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி. எஃப்பிஎஸ் ஒற்றை இலக்கத்துக்கு விழுவதன் காரணம் இந்த வித்தியாசம்தான்.

2024 பதிப்புக்கு விரேம் குறைந்தபட்சம் 4, பரிந்துரை 8, சிறப்பாக ஓட 12 ஜிபி என்கிறார்கள். 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் டெக்ஸ்சர் ரெசல்யூஷனை ஒரு படி இறக்குங்கள். விரேமை விடுவிக்க இதைவிடப் பயனுள்ள வேறு செயல் கிடையாது. டிஎல்எஸ்எஸ் வழியாகப் படத்தை உள்ளே சிறிதாக வரைந்து பெரிதாக்குவதும் உதவும். இடையிடையே கூடுதல் படங்களை உருவாக்கும் ஃப்ரேம் ஜெனரேஷன் அதற்கு நேர்மாறு, தனக்கென்று கூடுதல் விரேம் எடுத்துக்கொள்ளும். பிரவுசர், டிஸ்கார்ட் இரண்டிலும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தால் சில நூறு எம்பி மிச்சமாகும். விஆர் கண்ணாடி அணிந்து பறப்பவர்கள் 12 ஜிபிக்குக் குறைவான கார்டை வாங்க வேண்டாம்.

கையில் இருக்கும் பணம் ஒரு பொருளுக்குத்தான் போதும், ரேம் ஏற்கெனவே 32 ஜிபி இருக்கிறது என்றால் அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போகட்டும்.

32-இல் இருந்து 64-க்குப் போனால் எஃப்பிஎஸ் கூடுமா?

32 போதுமானதாக இருந்திருந்தால் ஒன்றுகூட ஏறாது. 64 ஜிபி யாருக்கு வேண்டும் என்றால், டெரெயின் அளவை 300, 400 என்று வைப்பவர்கள், எக்ஸ்-ப்ளேனில் வான்படக் காட்சிகளை உயர்ந்த துல்லியத்தில் பரப்பி வைத்திருப்பவர்கள், பறந்துகொண்டே வீடியோ ஒளிபரப்புபவர்கள், டிசிஎஸ்ஸில் பெரிய மல்டிபிளேயர் களங்களில் பறப்பவர்கள்.

டிசிஎஸ் பற்றித் தனியாக ஒரு சொல். அந்தப் போர்விமான சிமுலேட்டரில் ஒரு களத்தில் உள்ள விமானங்கள், வாகனங்கள், கப்பல்கள் எல்லாவற்றின் மாதிரிகளும் படங்களும் ஏற வேண்டும். நூற்றுக்கணக்கான அலகுகள் உள்ள சர்வரில் 32 ஜிபி நிரம்புவது சாதாரணம். நீங்கள் முக்கியமாகப் பறப்பது அதில்தான் என்றால் 64-ஐ ஆடம்பரமாகக் கருத வேண்டாம்.

ரேமின் வேகம் முக்கியமா?

ஓரளவு. பிராசசரின் முதன்மை த்ரெட் தரவுக்காகக் காத்திருக்கும் நேரம் சிமுலேட்டரில் அதிகம் என்பதால், மற்ற பல விளையாட்டுகளைவிட இங்கே ரேமின் வேகம் தெரியும். ஆனால் வேகமான ரேம் வாங்குவதற்கு முன், இருக்கும் ரேம் தன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். டிடிஆர்4 3200 (முதலாவது ரேமின் தலைமுறை, இரண்டாவது வேகம்) என்று வாங்கிய ரேம், கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அறிவித்த வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) இயக்கப்படாததால் 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய ஒன்று. டிடிஆர்5 6000 என்றால் 4800-இல் நிற்கும். டாஸ்க் மேனேஜரில் ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள், குறைவாக இருந்தால் பயாஸில் எக்ஸ்எம்பியையோ ஏஎம்டி போர்டில் எக்ஸ்போவையோ இயக்குங்கள். செலவில்லாத முன்னேற்றம் இது.

ஒற்றை ஸ்டிக் போட்டிருந்தால் வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும். டிடிஆர்4 3200 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2. எனவே 32 ஜிபி என்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அவற்றின் பெயர் ஏ2, பி2. அடுத்தடுத்த ஸ்லாட்டில் மாட்டினால் இரண்டும் ஒரே சேனலில் போய் விழும்.

டிடிஆர்5 6000-க்கு மேல் போவதற்குப் பணம் செலவழிப்பதைவிட, பிராசசரின் எல்3 கேஷ் (அதன் உள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகம்) பெரிதாக இருப்பதைப் பாருங்கள். 96 எம்பி எல்3 கேஷ் கொண்ட ரைசன் 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகியவை சிமுலேட்டர்காரர்களிடம் இவ்வளவு பெயர் வாங்கியதற்குக் காரணம் அதுதான். அடிக்கடி தேவைப்படும் தரவு ரேம்வரை போகாமலே கிடைத்துவிடுகிறது.

பழைய இரண்டு ஸ்டிக்கோடு புதிதாக இரண்டைச் சேர்க்கலாமா?

டிடிஆர்4-இல் பெரும்பாலும் ஓடிவிடும், எல்லாம் மிகக் குறைந்த வேகமுள்ளதன் அளவுக்கு இறங்கும். டிடிஆர்5-இல் யோசித்துச் செய்யுங்கள். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600 என்பதே ஏஎம்டி அறிவித்த வேகம். அளவு கூடி வேகம் இறங்கினால் சிமுலேட்டரில் நட்டம். 64 வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே பெட்டியாக வாங்கி, பழையதை விற்றுவிடுவது நல்லது.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் பின்களின் எண்ணிக்கை 288 தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

புதிய ரேம் மாட்டியதும் திரை கறுப்பாகவே இருக்கிறது. கெட்டுவிட்டதா?

ரைசன் 7000 போன்றவற்றுக்கான ஏஎம்5 போர்டாக இருந்தால் பொறுங்கள். முதல் முறை அது ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் பவரை அணைத்தால் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கடந்தும் வரவில்லை என்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் மாட்டிப் பாருங்கள்.

திரை வந்து, மற்ற எல்லாம் சரியாக ஓடி, சிமுலேட்டர் மட்டும் நேரம் குறிப்பிட முடியாமல் விழுகிறதா? எக்ஸ்எம்பி வேகம் நிலையாக இல்லாமல் இருக்கலாம். மணிக்கணக்கில் ரேமையும் பிராசசரையும் சேர்த்து வாட்டும் நிரல்கள் வீட்டுக் கணினியில் அதிகம் இல்லை, ஆகையால் குறை முதலில் இங்கேதான் தலைகாட்டும். பென்டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஏற்றி ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். 6000-ஐ 5600 ஆக்கி மறுபடி சோதியுங்கள், அப்போதும் வந்தால் ஸ்டிக்கை மாற்றிக் கேளுங்கள்.

மடிக்கணினியில் கூட்ட முடியுமா?

மாடலைப் பொறுத்தது. கேமிங் மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு ஸ்லாட் இருக்கும், விலையைக் குறைக்க ஒன்றில் மட்டும் ஸ்டிக் போட்டு விற்பார்கள். இரண்டாவதை நிரப்பினால் அளவும் கூடும், சேனலும் இரண்டாகும். டாஸ்க் மேனேஜரில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரி இதைச் சொல்லும். எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் போர்டோடு பற்றவைத்தது, பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்டதை வாங்கும்போதே 32 ஜிபியாக வாங்கிவிடுங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி தன் விரேமையும் ரேமில் இருந்தே எடுக்கும். 16 ஜிபியில் 4 ஜிபி அங்கே போனால் உங்களுக்கு மிஞ்சுவது 12.

மேக்கில் 16 ஜிபி எக்ஸ்-ப்ளேனுக்குப் போதுமா?

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ரேம், விரேம் என்ற பிரிவு இல்லை, இரண்டுக்கும் ஒரே நினைவகம். அதனால் 16 ஜிபி மேக்கை 16 ஜிபி ரேமும் 8 ஜிபி கார்டும் உள்ள கணினியோடு ஒப்பிட முடியாது. சிமுலேட்டரோடு வரும் விமானங்களும் நிலையங்களும் 16-இல் நன்றாக ஓடும். வான்படக் காட்சிகள் சேர்க்க நினைத்தால் 24 அல்லது 32. பின்னால் கூட்ட வழியில்லை என்பதால் வாங்கும் அன்றே முடிவெடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் மொத்தமே 10 ஜிபி. அதில் எப்படி ஓடுகிறது?

அங்கே ஓட வேண்டிய கருவி ஒன்றே ஒன்று என்பதால் எவ்வளவு தூரம் காட்டுவது, எத்தனை விமானங்கள் நிற்பது எல்லாம் அந்த அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டுள்ளன. அந்த உழைப்பின் பலன் கணினிகளுக்கும் கிடைத்தது. 2021 ஜூலை 27 அன்று எக்ஸ்பாக்ஸ் பதிப்போடு வந்த ஐந்தாம் சிம் அப்டேட்டில் கணினியின் ரேம் பயன்பாடும் வெகுவாகக் குறைந்தது. பார்வைக்கு வெளியே உள்ளதை உடனே கழித்துவிடுவது அதில் ஒரு வழி. கேமராவைத் திருப்பினால் மரங்களும் கட்டிடங்களும் அப்போதுதான் முளைக்கின்றன என்று எதிர்ப்பு வந்த பிறகே ப்ரீ-கேஷிங் அளவைப் பயனரிடம் விட்டார்கள்.

எட்டு மணி நேரம் பறந்து இறங்கும்போது மட்டும் கிராஷ் ஆகிறது. ஏன்?

ஏதோ ஒரு நிரல் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகிறது. வானில் உயரத்தில் இருக்கும்போது சிமுலேட்டரின் கமிட் அளவு ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை அந்த எண்ணைக் குறியுங்கள். கடலுக்கு மேல் போகும்போதும் ஏறிக்கொண்டே இருந்தால் கசிவு உறுதி. கம்யூனிட்டி ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, சிமுலேட்டரோடு வரும் விமானத்தில் அதே பாதையில் பறந்து பாருங்கள். எண் நிலைத்தால் ஆட்-ஆன்களைப் பாதிப் பாதியாகத் திரும்பச் சேர்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். ரேமைக் கூட்டுவது கிராஷைத் தள்ளிப்போடும், தீர்க்காது. அதுவரை, ஒரு பயணம் முடிந்ததும் சிமுலேட்டரை மூடித் திறந்தே அடுத்ததைத் தொடங்குங்கள்.

64 ஜிபி இருந்தும் எஃப்எஸ்எக்ஸ் நினைவகம் போதவில்லை என்கிறதே?

2006-இல் வந்த அது 32-பிட் நிரல். 64-பிட் விண்டோஸில்கூட அதற்கு எட்டும் முகவரி 4 ஜிபிதான், கணினியில் எவ்வளவு இருந்தாலும் சரி. படங்களின் அளவை 1024-க்கு இறக்குங்கள், காட்சி ஆரத்தைக் குறையுங்கள், பயன்படுத்தாத பகுதிகளின் காட்சிகளைச் சீனரி லைப்ரரியில் அணையுங்கள். வேறு வழி 64-பிட் சிமுலேட்டருக்கு மாறுவதுதான். எஃப்எஸ்எக்ஸ்ஸின் வழிவந்த ப்ரிபேர்டு3டி 2017-இல் நான்காம் பதிப்போடு அந்த எல்லையைத் தாண்டியது.

இப்போது ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. வாங்கலாமா, காத்திருக்கலாமா?

2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. எனவே முதலில் மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். 16 ஜிபியில் அவைலபிள் எண் 1 ஜிபிக்குக் கீழே போய், ஹார்ட் ஃபால்ட்ஸ் ஏறுகிறது என்றால் வாங்குங்கள், இதில் காத்திருந்து பயனில்லை. 32 இருக்கிறது, எண்கள் நலமாக இருக்கின்றன என்றால் 64 பக்கமே போக வேண்டாம். டிடிஆர்4 போர்டு வைத்திருப்பவர்கள் பழைய ஸ்டிக் வாங்கினாலும் குற்றமில்லை. ரேம் எளிதில் தேயும் பொருள் அல்ல. கடைக்காரரிடம் ஒரு வாரம் திருப்பித் தரும் உறுதி வாங்கிக்கொண்டு, முதல் இரவே மெம்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள்.